கஞ்சா சித்தர் மூலிகைதானே, வெள்ளைக்காரன்தானே தடை போட்டான்? மேலூர் அக்காவுக்கு ஒரு பதில்

மேலூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகனின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிடைத்திருக்கிறது. கோபப்பட்டுக் கேட்டால் பையன் நிதானமாக மூன்று பதில் வைத்திருக்கிறான். இது சித்தர்கள் கண்ட சிவமூலிகை. காலம் காலமாக நம் ஆட்கள் பயன்படுத்தியதை வெள்ளைக்காரன் வந்து தடை பண்ணிவிட்டான். இப்போது அதே வெள்ளைக்காரன் அதை மருந்து என்று விற்கிறான். "எனக்கு இதற்கு மேல் பேசத் தெரியவில்லை, எது உண்மை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையில் வைத்தியம் பார்க்கிறேன். இதே மூன்றையும் இதே வரிசையில் சொல்லும் பையன்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அக்கா, உங்கள் பையன் முழுப் பொய் சொல்லவில்லை. முதலாவது பாதி உண்மை, இரண்டாவது தப்பு, மூன்றாவது உண்மை, ஆனால் அவன் பையில் இருந்த சரக்குக்கும் அந்த மருந்துக்கும் ரொம்ப தூரம்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சிவமூலி, சித்தி மூலி, ஆனந்த மூலி, கோரக்கர் மூலி என்று பல பெயர்கள். நம் சதுரகிரியில் கோரக்கர் குகை என்று ஒன்று இருக்கிறது, அமாவாசைக்கு மலையேறுகிறவர்கள் பார்த்திருப்பார்கள்; அந்தக் கோரக்கர் பெயர்தான் செடிக்கும் ஒட்டிக்கொண்டது. மூலிகைகளின் குணம் சொல்லும் குணபாடத்தில் இதன் செய்கைகளைப் படிக்கும்போது இசிவகற்றி, துயரடக்கி, உறக்கமுண்டாக்கி, பசித்தூண்டி என்று வரிசையாக வரும், அதே வரிசையில் வெறியுண்டாக்கி, அதாவது போதை தருவது, என்றும் வரும். பையன்கள் முதல் நாலையும் சொல்வார்கள், ஐந்தாவதை விட்டுவிடுவார்கள். எழுதியவர்கள் ஐந்தையும் ஒரே மூச்சில்தான் எழுதினார்கள்.

கல்லூரியில் கஞ்சாவை எங்களுக்குக் காட்டியது ஒரு கண்ணாடிக் குப்பியில். நச்சு மூலப்பொருட்கள் இருந்த பீரோவில், எட்டிக்கொட்டைக்கும் சேங்கொட்டைக்கும் பக்கத்தில், பூட்டுக்குள் இருந்தது. காய்ந்து பழுப்பேறிய பூங்கொத்து, குப்பியைத் திறந்தால் இன்னும் வாசம் இருந்தது. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல், அதாவது நச்சை நீக்காமல், தொட்டாலே தோல் வெந்துவிடும். அதை மருந்தில் சேர்க்கிறோம், ஆனால் யாரும் சேங்கொட்டை மூலிகைதானே என்று வாயில் போட்டு மெல்வதில்லை. கஞ்சாவுக்கும் சுத்தி முறை உண்டு. துணியில் முடிச்சாகக் கட்டி, தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து, மறுபடி தண்ணீர் மாற்றி, பச்சை நிறம் இறங்குவது நிற்கும் வரை அலச வேண்டும், அப்புறம் நிழலில் உலர்த்தி பசுநெய்யில் இளந்தீயில் வறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தனியாகக் கொடுப்பதில்லை. சுக்கு, ஏலம், சாதிக்காய் என்று பல சரக்கோடு லேகியமாகவோ சூரணமாகவோ சேர்ந்து, சுண்டைக்காய் அளவு, இத்தனை நாள் என்ற கணக்கோடு போகும். ஆயுர்வேதத்தில் வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் ஜாதிபலாதி சூரணத்தில் இப்படித்தான் இது சேர்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான சட்ட விதிகளில் நச்சுப் பொருட்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, இ(1) அட்டவணை என்பார்கள், கஞ்சா அதில்தான் வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த மருந்தின் டப்பாவில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும்.

பழமை என்று பேசுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதர்வ வேதத்தில் துன்பம் நீக்கும் ஐந்து செடிகளில் ஒன்றாக பங்கா வருகிறது, கஞ்சாவின் வடமொழிப் பெயர் அது. பாமீர் மலையில் 2500 வருஷப் பழைய கல்லறைகளில் கிடைத்த மரத் தூபக்கால்களில், போதை தரும் கஞ்சாவை எரித்த தடம் இருப்பதாக 2019இல் ஆய்வு வந்தது. ஆக செடி பழசுதான். ஆனால் நம் சங்கப் பாட்டுகளில் கள்ளும் தேறலும் பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது, கஞ்சாவைக் காணோம். மருத்துவ நூல்களில் இது தெளிவாக இடம் பிடிப்பது அதற்கெல்லாம் பல நூறு வருஷம் கழித்துத்தான். வடமொழியில் மருத்துவ நூல் எழுதிய சார்ங்கதரர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாதாரணப் பொருள் முதலில் செரிக்கும், அப்புறம் உடம்பில் பரவும். சில பொருட்கள் முதலில் உடம்பு முழுக்கப் பரவிவிட்டு அப்புறம்தான் செரிக்கும், அதற்கு வியவாயி என்று பெயர், உதாரணம் பங்காவும் அபினும் என்கிறார். இந்தச் செடியை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, வெள்ளைக்காரனுக்கு வருவோம். இங்கேதான் பையனின் கதை அப்படியே தலைகீழ்.

வெள்ளைக்காரன் கஞ்சாவை மருந்தாகக் கற்றுக்கொண்டதே இங்கேதான். வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற அயர்லாந்து டாக்டர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். உள்ளூர் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டு, நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முதலில் நாய் போன்ற பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1839இல் கட்டுரையாக எழுதினார். வாதம், காலரா, தசை இறுக்கி வெட்டும் ரணஜன்னி என்று பலதிலும் முயன்றார். வெறிநாய்க் கடி வந்த ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் கடைசி நாட்களின் வேதனை குறைந்தது என்று எழுதியிருக்கிறார். பிறந்து 40 நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு விடாமல் வந்த வலிப்பு, சொட்டுக் கணக்கில் கொடுத்த கஞ்சா டிங்சரில் அடங்கியதையும் பதிவு செய்தார். இந்தக் குழந்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன். இதே மனிதர்தான் பின்னால் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவர் என்பது உபரித் தகவல்.

அவர் லண்டனுக்கு எடுத்துப் போனதிலிருந்து அறுபது எழுபது வருஷம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் கஞ்சா டிங்சர் இருந்தது. அது பின்னால் மங்கியதற்குப் பெரிய சதி ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு புட்டியில் வீரியம் இருக்கும், அடுத்த புட்டியில் இருக்காது, டாக்டருக்கு அளவு சொல்ல முடியவில்லை. தண்ணீரில் கரையாது, அதனால் ஊசியாகப் போட முடியாது. மார்பினை ஊசியில் ஏற்ற முடிந்தது. 1899இல் ஆஸ்பிரின் வந்தது, ஒவ்வொரு மாத்திரையும் ஒரே அளவு. 1942வாக்கில் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியல் நூலிலிருந்தும் கஞ்சாவை எடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் வெள்ளைக்காரன் கஞ்சாவுக்கு வரி போட்டான், கடை ஏலம் விட்டான், காசு பார்த்தான். அன்றைய நம் சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்திலும் ஜவ்வாது மலையிலும் பயிரிட்டார்கள். லண்டன் பாராளுமன்றத்தில், இந்தியர்கள் கஞ்சா குடித்துப் பைத்தியமாகிறார்களாமே என்று 1893இல் கேள்வி எழுந்தது, உடனே ஒரு கமிஷன் போட்டார்கள். நான்கு வெள்ளைக்காரர், மூன்று இந்தியர். நாடு முழுக்கச் சுற்றி 1193 சாட்சிகளைக் கேட்டு 1894இல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் செய்த ஒரு வேலையை இன்றைக்கும் மதிக்கிறேன். மனநோய் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு ஆளாகத் துருவினார்கள். பாதி இடத்தில் என்ன நடந்திருக்கிறது என்றால், தெருவில் திரிந்தவரைப் போலீஸ் கொண்டுவந்து விடும்போது காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று கஞ்சா என்று எழுதிவிட்டார்கள். 1892இல் சேர்ந்த 1344 பேரில் கஞ்சா காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தேறியவர்கள் 98 பேர். அளவோடு எடுப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று முடித்தார்கள். அந்த முடிவை ஏற்க முடியாது என்று எதிர்க்குறிப்பு எழுதியவர்கள் இந்திய உறுப்பினர்களில் இருவர். வெள்ளைக்காரன் தடை செய்தான் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை 1937இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டத்திலேயே போதைப் பொருள் என்ற பிரிவில் கஞ்சாவும் பாங்கும் வந்துவிட்டன. சேலத்தில் ஆரம்பித்து 1948க்குள் மாகாணம் முழுவதும் விரிந்த சட்டம் அது. உலக அளவில் பார்த்தால் 1925இல் ஜெனீவாவில் அபினுக்கென்று கூடிய மாநாட்டில் கஞ்சாவையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியது எகிப்து. 1961இல் நியூயார்க்கில் ஐ.நா. ஒப்பந்தம். அதில் மருந்துக்கல்லாத கஞ்சாவை 25 வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள்; விதையும் தனி இலையும் தடைக்குள் வரவில்லை, வடநாட்டில் ஹோலிக்கு பாங் அரைப்பதை அந்த விலக்குதான் காப்பாற்றியது. அந்தக் கெடுவின் ஓட்டத்தில்தான் டெல்லியில் 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பூவும் காயும் உள்ள கொத்துதான் அந்தச் சட்டப்படி கஞ்சா. இலைக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று உங்கள் பையன் கிளம்பினால், நம் மாநில மதுவிலக்குச் சட்டத்தில் இலையும் உண்டு என்று சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். தேனி 1996இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் கம்பமும் வருசநாடும் மதுரை மாவட்டம்தான், அந்த மலைச்சரிவுகளில் எண்பதுகளில் ஏராளமாகக் கஞ்சா பயிரானது. என் மாமா வீடு கடமலைக்குண்டு. பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது மலையிலிருந்து பிடுங்கி வந்த செடிகளைப் போலீஸ் குவித்துவைத்து எரித்ததை ஊரே நின்று பார்த்தது. அன்றைக்குத்தான் அந்தச் செடியை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். இலை நம் புளிச்சகீரை மாதிரியே விரல் விரலாகப் பிரிந்திருந்தது. புளிச்சகீரையின் லத்தீன் பெயரிலேயே கஞ்சா போன்றது என்ற பொருளில் கன்னாபினஸ் என்று இருப்பதைப் பின்னால் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். குவியலில் இருந்த ஒரு கொத்தைத் தொட்டேன், விரலில் பிசின் ஒட்டிக்கொண்டது, அரப்பு போட்டுத் தேய்த்தும் ராத்திரி வரை வாசம் போகவில்லை. வேரோடு கிடந்ததெல்லாம் பெண் செடி என்று மாமா சொன்னார். ஆண் செடி என்று மொட்டில் தெரிந்ததும் பிடுங்கிப் போட்டுவிடுவார்களாம், மகரந்தம் பட்டு விதை பிடித்துவிட்டால் பூவில் பிசின் குறைந்துவிடும். பயிரிட்டவர்கள் மானாவாரிக் காட்டில் மொச்சையும் அவரையும் போட்டு மழை பார்த்துக் கிடந்த ஆட்கள். முன்பணம் கொடுத்தவன் எங்கேயோ இருந்தான், அவன் கைக்கு விலங்கு ஏறவில்லை. ஜெயிலுக்குப் போனவர்களில் ஒருவர் மாமாவுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், திரும்பி வந்தபோது காடு வேறு ஆள் பெயரில் இருந்தது. இப்போது மதுரைக்கு வருகிற சரக்கு பெரும்பாலும் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. 2022இலிருந்து தென்மண்டலப் போலீஸ் வியாபாரிகளின் சொத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்குகிறார்கள், அது சரியான இடத்தில் அடிப்பது என்று நினைக்கிறேன். பொட்டலத்தோடு பிடிபடும் பையனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் எதுவும் நிற்காது.

மூன்றாவது, மருந்து. இதில் உங்கள் பையன் சொல்வது சரி, முழுக்கத் தெரிந்து சொன்னால் இன்னும் நல்லது. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் என்ற வேதியியல் விஞ்ஞானியும் அவர் சகாவும் கஞ்சாவில் போதை தரும் பொருளைத் தனியாகப் பிரித்தார்கள், டி.எச்.சி. என்பது அது. போதை தராத இன்னொரு பொருள் சி.பி.டி. நம் மூளையில் இந்தப் பொருள் போய் உட்கார ஏற்கனவே ஏற்பிகள் இருப்பது எண்பதுகளின் கடைசியில் தெரிந்தது. பூட்டு இருந்தால் உடம்பே செய்யும் சாவியும் இருக்க வேண்டுமே என்று தேடி 1992இல் கண்டுபிடித்தார்கள், அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைட். நம் ஆனந்தம்தான். ஆனந்த மூலி என்று பெயர் வைத்த ஆட்கள் வழியில் வந்தவனுக்கு, இதைப் படித்த அன்று உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் அந்த 40 நாள் குழந்தை. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. கஞ்சாச் செடியிலிருந்து சி.பி.டி.யை மட்டும் பிரித்துச் சுத்தமாக்கிய திரவம், குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு, உடல் எடைக்குக் கணக்குப் போட்டு, கல்லீரலைச் சோதித்துக்கொண்டே கொடுப்பது. கல்கத்தாவில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்தது சரியான திசைதான் என்று உலகம் ஒத்துக்கொள்ள ஏறக்குறைய 180 வருஷம் ஆனது. புற்றுநோய் மருந்து ஏற்றிய பின் வரும் வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரை 1985லிருந்து இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோயில் தசை இறுக்கத்துக்கு வாயில் அடிக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் ஹெராயினோடு சேர்த்து வைத்திருந்த கடும் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது, 27க்கு 25 ஓட்டு, இந்தியா எடுக்கச் சொல்லி ஓட்டுப் போட்டது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். எங்கள் வைத்தியத்தில் கூட முறையான சரக்கு கிடைப்பதும் அனுமதி வாங்குவதும் பெரும்பாடு என்பதால், இந்த மருந்துகளைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு உள்ளபடியே வலிக்கிற விஷயம் அது.

ஆனால் அக்கா, இவை எல்லாவற்றிலும் அளவு தெரியும், நோய் தெரியும், கொடுக்கிறவர் யார் என்று தெரியும். பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி. இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. உங்கள் பையன் வயதுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த 18, 19 வயதுப் பையன்கள் 45,000 பேரைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. குடிக்கிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை, பெரும்பாலோருக்கு வராது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் ஆபத்து கூடுதல், இதை மட்டும் நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் ஆரம்பிப்பவர்களில் ஆறில் ஒருவர் அளவுக்குப் பழக்கத்துக்கு அடிமையாகிறார்கள் என்று கணக்கு இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் மாசக்கணக்கில் காலையில் வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் நிற்கும் என்றான், குடல் சோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். தினமும் கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் வாந்தி அது, அவன் அம்மா வெளியே போன பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

சட்டம் பற்றிப் பயப்படுவீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது பத்து வருஷம், ஜாமீனே குதிரைக்கொம்பு. பையன்கள் சிக்குவது எங்கே என்றால், நண்பனுக்காக ஒரு பையை ஆரப்பாளையம் வரை கொண்டு போய்க் கொடு என்று எவனாவது சொல்லும்போது, பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆட்பட்டவர் சிறிய அளவு வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் நின்றால் அந்த விலக்கு போய்விடும். இதை வக்கீல்கள் கூடப் பல நேரம் சொல்வதில்லை.

அவனோடு சித்தர்களைப் பற்றி வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவன் சொன்னதில் எது சரியோ அதைச் சரி என்று சொல்லுங்கள், அப்போதுதான் மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்பான். எத்தனை நாளாக, தனியாகவா கூட்டத்திலா, காலையில் எழுந்ததும் வேண்டியிருக்கிறதா, யாரோ தன்னைப் பற்றியே பேசுவது போல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அந்த இடத்தில் என் சூரணமும் வேண்டாம். ராத்திரியில் பதற்றமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவனே பேச ஒத்துக்கொண்டால் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்காருங்கள்.